செடி பீன்ஸா, கொடி பீன்ஸா? அடுப்படிக்கும் சந்தைக்கும் ஒரு கணக்கு

ஓசூரிலிருந்து தளி வரை நீளும் மேட்டுநிலம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி, கொடைக்கானல் அளவுக்கு இங்கே குளிர் இல்லை. கீழே தருமபுரிப் பக்கம் அடிக்கிற வெயிலும் இல்லை. பீன்ஸுக்கு இது தோதான இடம். சித்திரை, வைகாசி வெயிலையும் விடாத அடைமழையையும் தவிர்த்துவிட்டால், ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் ஏதாவது ஒரு தோட்டத்தில் பீன்ஸ் பூத்துக்கொண்டுதான் இருக்கும். ஆகவே இங்கே அரை ஏக்கரோ இருபது சென்ட்டோ வைத்திருக்கும் ஒருவர், வீட்டுச் சமையலுக்கும் ஆகவேண்டும், மிஞ்சியதை விற்றுக் காசாக்கவும் வேண்டும் என்று நினைத்தால், பீன்ஸ் போடுவதா வேண்டாமா என்று அதிகம் யோசிப்பதில்லை. முழங்கால் உயரத்தோடு நின்றுவிடும் செடி பீன்ஸைப் போடுவதா, கொம்பைப் பற்றி ஆளுயரம் ஏறும் கொடி பீன்ஸைப் போடுவதா என்பதில்தான் தயங்குகிறார். இந்தக் கேள்வியோடு சென்ற ஆண்டு மட்டும் என்னிடம் நான்கு பேர் வந்தார்கள். நால்வருக்கும் நான் ஒரே பதிலைச் சொல்லவில்லை.

இரண்டும் ஒரே இனம்தான். இலங்கைத் தமிழர் போஞ்சி என்று டச்சுச் சொல்லின் வழியே அழைப்பதும், பெங்களூர்க் கடைகளில் ஹுருளிக்காய் என்று கேட்டு வாங்குவதும் இதைத்தான். வளரும் முறையில்தான் வேறுபாடு இருக்கிறது. செடி வகையில் தண்டின் நுனி ஐந்தாறு கணு வளர்ந்ததும் பூங்கொத்தாக முடிந்துவிடுகிறது. அதற்குமேல் ஏற இடமில்லாததால் பக்கக் கிளைகளும் சற்றேறக்குறைய அதே நாட்களில் பூத்து, அதே நாட்களில் காய்த்து ஓய்ந்துவிடுகின்றன. கொடி வகையில் நுனி முடிவதே இல்லை. கீழே காய் பறிக்கும்போது நடுவில் பிஞ்சும் மேலே பூவுமாக அது ஏறிக்கொண்டே போகும். செடி தருவதை மொத்தமாகத் தரும். கொடி தருவதைச் சில்லறையாகத் தரும். விலை, கூலி, நோய், அடுப்படி என்று பின்னால் பேசப்போகிற எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கிளைப்பவைதாம். ஏக்கருக்கு எத்தனை டன் என்ற கேள்வியோடு தொடங்குபவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகிறார்கள் என்பது என் எண்ணம்.

மொத்தமாகக் காய்ப்பது உலகச் சந்தையில் ஒரு சிறப்பாக மதிக்கப்பட்டதற்குக் காரணம் இயந்திரம். அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் தகரத்தில் அடைப்பதற்கென்று வளர்க்கப்பட்ட புளூ லேக் என்ற புகழ்பெற்ற பீன்ஸ் முதலில் கொடிதான். கையால் பறிக்க ஆள் கிடைப்பது அரிதாகி, பறிக்கும் இயந்திரம் வந்தபோது, ஒரே ஓட்டத்தில் எல்லாக் காயும் கிடைக்கவேண்டும் என்பதற்காக 1960களில் அதைச் செடி வகையாக மாற்றினார்கள். நம் ஊரில் பீன்ஸ் பறிப்பது இன்றும் பெண்களின் கைகள்தாம். ஆகவே அந்தச் சிறப்பை நாம் அப்படியே கடன் வாங்கிக்கொள்ள முடியாது. நமக்கு அது சில இடங்களில் வசதி, சில இடங்களில் தலைவலி.

இருபது சென்ட்டில் செடி பீன்ஸ் போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். வரிசைக்கு வரிசை 30 சென்டிமீட்டர், விதைக்கு விதை 15 சென்டிமீட்டர் என்ற இடைவெளியில் ஒரு சென்ட்டுக்கு 900 செடிகள் நிற்கும். விதை முந்நூறு கிராம் அளவுக்கு ஆகும். ஆக, இருபது சென்ட்டுக்கு ஆறு கிலோ விதை. பெங்களூர் ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் தன் செடி ரகங்களுக்கு 70 நாளில் எக்டேருக்கு 19, 20 டன் என்று சொல்கிறது. அது ஆராய்ச்சிப் பண்ணையின் கணக்கு. நம் நிலத்தில் பாதி வந்தாலே நான் மகிழ்ச்சி அடைவேன். அந்தப் பாதியின்படி சென்ட்டுக்கு நாற்பது கிலோ, இருபது சென்ட்டுக்கு எண்ணூறு கிலோ. விதைத்த 45, 50 நாளில் முதல் பறிப்பு வரும். பிறகு மூன்று வாரத்துக்குள் ஐந்தாறு பறிப்பில் எல்லாம் முடிந்துவிடும். முதல் பறிப்பும் கடைசிப் பறிப்பும் சொற்பமாக இருக்க, நடுவில் உள்ள இரண்டு பறிப்புகளில் மட்டும் நாளொன்றுக்கு 250 கிலோவுக்குக் குறையாமல் காய் வந்து விழும்.

அந்த 250 கிலோவை எங்கே கொண்டுபோவது? 1999ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரையில் முதலாவதாகத் தொடங்கப்பட்ட உழவர் சந்தைத் திட்டத்தின் பயனை ஓசூர் விவசாயிகள் நன்றாகவே அனுபவிக்கிறார்கள்; இடைத்தரகர் இல்லை, தராசுக்கு வாடகை இல்லை. ஆனால் ஒரு கடையில் தனி ஆளாக உட்கார்ந்து, அரைக் கிலோவும் கால் கிலோவுமாக நிறுத்து, காலைக்குள் 250 கிலோ பீன்ஸை யாராலும் விற்க முடியாது. நாற்பது, ஐம்பது கிலோ விற்றால் அது நல்ல நாள். மீதி மண்டிக்குத்தான் போகவேண்டும். மண்டியில் அன்றைய வரத்துதான் விலையை முடிவுசெய்யும். நமக்குக் காய் குவியும் நாளில் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் குவியும், ஏனென்றால் அவரும் அதே மழைக்குத்தான் விதைத்திருப்பார். இதனால்தான் செடி பீன்ஸை விற்பனைக்குப் போடுபவர் இருபது சென்ட்டையும் ஒரே நாளில் விதைக்கக் கூடாது என்கிறேன். ஐந்து ஐந்து சென்ட்டாக நான்கு பாகம் பிரித்து, பத்து நாளுக்கு ஒரு பாகம் என்று விதைத்தால், ஒரு பறிப்பில் அறுபது கிலோ அளவுக்கு வரும். அதில் பெரும்பகுதியை உழவர் சந்தையிலேயே விற்றுவிடலாம். விலையும் ஒரு நாளைய சூதாட்டமாக இல்லாமல் ஏழெட்டு வாரத்துச் சராசரியாக நம் கைக்கு வரும். மண்டிக்கு மட்டுமே அனுப்புகிறவருக்கு இந்தப் பிரிப்பு தேவையில்லை. வண்டி வாடகையைக் கட்டுப்படியாக்க அவருக்கு மொத்தமாக இருப்பதே மேல்.

கொடி பீன்ஸ் இந்தச் சிக்கலைத் தானாகவே தீர்த்துவிடுகிறது. முதல் காய்க்கு இரண்டு வாரமாவது கூடுதலாகக் காத்திருக்கவேண்டும். காய்க்கத் தொடங்கிவிட்டால் ஆறிலிருந்து எட்டு வாரம் வரை மூன்று நாளுக்கு ஒருமுறை அளவாகத் தந்துகொண்டிருக்கும். ஒரு கொடி தருவது ஒரு செடி தருவதைவிட வெகுவாக அதிகம். காய் தரையைத் தொடாததால் மழை நாளில் சேறு படாது, அழுகாது, நேராகத் தொங்கி வளர்வதால் வளைவும் குறைவு. இவ்வளவு நல்லதற்கும் விலையாக அது கேட்பது கொம்பும் கயிறும். புதிதாகச் சவுக்குக் கொம்போ மூங்கிலோ வாங்கி, நட்டு, கம்பி இழுத்து, கயிறு கட்டி ஏற்றுகிற செலவைப் பீன்ஸ் மட்டும் ஒரே பருவத்தில் திருப்பித் தந்துவிடும் என்று நம்பிச் செய்பவருக்கு, விலை சரிந்த ஆண்டில் கையைக் கடிக்கும்.

ஆனால் ஓசூர்ப் பக்கத்தில் கொம்பு பெரும்பாலும் ஏற்கெனவே நிலத்தில் நின்றுகொண்டிருக்கிறது. அது தக்காளியின் கொம்பு. தக்காளி ஓய்ந்ததும் செடியை அறுத்துவிட்டு, அதே கொம்பு, அதே கம்பி, அதே சொட்டுநீர்க் குழாய், அதே மூடாக்கு ஷீட்டின் அதே துளைகளில் கொடி பீன்ஸ் விதையை ஊன்றிவிடுவது இந்த மேட்டுநிலத்தில் பலரும் செய்கிற வேலை. உழவு இல்லை, களை இல்லை, கொம்புச் செலவு இல்லை. தக்காளிக்குப் போட்ட உரத்தின் மிச்சமும் மண்ணில் இருக்கும். அறுத்த தக்காளித் தண்டைக் கம்பியிலேயே விட்டுவைக்காமல் அகற்றி எரிப்பது மட்டும் முக்கியம். அதில் ஒட்டியிருக்கும் வெள்ளை ஈயும் சிலந்திப் பேனும் பீன்ஸ் முளைத்த மறுவாரமே குடிமாறிவிடும். கொம்பு நிற்கிற நிலத்தில் செடி பீன்ஸைப் போடுவது, கட்டிய வீட்டை விட்டுவிட்டுத் திண்ணையில் படுப்பது போன்றது. கொம்பே இல்லாத நிலத்திலோ, முட்டைக்கோஸ் நடுவதற்கு முன் எழுபது எண்பது நாள் இடைவெளி கிடைக்கிற நிலத்திலோ கொடியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். அது நூறு நாளைத் தாண்டியும் நிலத்தை விடாது.

பறிக்கிறவர்களின் இடுப்பைப் பற்றி விவசாயக் கையேடுகள் பேசுவதில்லை. எங்கள் தோட்டத்துக்கு வரும் ஒரு அக்கா, செடி பீன்ஸ் என்றால் நேரிடையாகவே கேட்டுவிடுவார்: "அண்ணா, கொடின்னா சொல்லுங்க, நாலு பேரைக் கூட்டிட்டு வர்றேன். செடின்னா நானும் என் தங்கச்சியும் மட்டும்தான் வருவோம்." குனிந்தபடியே வரிசை முழுக்க நகர்ந்து, இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் காயை விரலால் தடவித் தேடிப் பறிக்கிற வேலை அது. எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் ஒரு காலைப்பொழுதில் முப்பது, நாற்பது கிலோ பறித்தால் நல்ல பறிப்பு. 250 கிலோ நாளுக்கு ஏழெட்டுப் பேர் வேண்டும். அதுவும் தள்ளிப்போட முடியாத நாளில். பூ விரிந்த பன்னிரண்டிலிருந்து பதினைந்து நாளுக்குள் காயைப் பறித்துவிடவேண்டும். வளைத்தால் "டக்"கென்று ஒடிந்து, ஒடிந்த இடத்தில் நீர் துளிர்க்கிற பருவம் அது. இரண்டு நாள் பிந்தினால் உள்ளே விதை முட்டிக்கொண்டு மேலே புடைக்கும். மண்டியில் அதைத் தொட்டுப் பார்த்ததுமே விலையைக் குறைப்பார்கள். அதைவிட மோசம், விதை முற்றத் தொடங்கியதும் செடி தன் வேலை முடிந்தது என்று அடுத்த பூவை நிறுத்திவிடும். ஆள் கிடைப்பது உறுதியில்லாத ஊரில் மொத்தமாகக் காய்க்கும் பயிர் ஆபத்தானது. சொந்தக் குடும்பத்தில் பறிக்க நான்கு கைகள் இருப்பவருக்கு இந்தக் கவலை பாதி.

செடி என்று முடிவுசெய்தவருக்கு அடுத்த கேள்வி ரகம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் விதைக்கடையில் கேட்டால் பல இடங்களில் "ஹைபிரிட் பீன்ஸ்" என்ற ஒரே பதில்தான் வருகிறது. பீன்ஸ் பூ விரிவதற்கு முன்பே தன் மகரந்தத்தாலேயே சூல்கொண்டுவிடுகிறது. ஒவ்வொரு பூவையும் கையால் திறந்து ஒட்டுச் சேர்த்து விதை எடுப்பது வணிகத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே அந்தப் பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் தூய ரகம்தான். அதிலிருந்து நாமே விதை எடுத்து அடுத்த பருவத்தில் விதைக்கலாம், குணம் மாறாது.

ஹெசரகட்டா நிறுவனத்தின் ரகங்களில் அர்கா கோமள் இந்தப் பக்கத்தில் நன்கு அறிமுகமானது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த விதையில் தேர்ந்தெடுக்கப்பட்டது. காய் நேராக, தட்டையாக, பச்சையாக இருக்கும். மூட்டை கட்டி வண்டியில் போனாலும் வாடாமல் தாங்கும். மண்டிக்கு இதையே நான் சொல்வேன். அர்கா சுவிதா, கன்டெண்டர் என்ற பழைய அமெரிக்க ரகத்தை ஒரு பெற்றோராகக் கொண்டு பிறந்தது. வெளிர்பச்சைக் காய், சதைப்பற்று அதிகம், நார் கிடையாது. இரு முனையையும் கிள்ளிவிட்டு அப்படியே நறுக்கலாம் என்பதால் ஓட்டல்காரர்களுக்கும், காலையில் அவசரமாகப் பொரியல் செய்து டப்பா கட்டுகிறவர்களுக்கும் இது பிடிக்கும். உழவர் சந்தையில் நேரடியாக விற்பவர், ஒரு காயை வாடிக்கையாளர் முன் ஒடித்து, நார் வரவில்லை என்று காட்டிவிட்டால் பிறகு பேசவே வேண்டாம். மண்டியில் அப்படிக் காட்டுவதற்கு யாரும் இல்லை. அங்கே நிறமும் நீளமும்தான் பேசும். பனியும் ஈரமும் சேர்ந்த கார்த்திகை, மார்கழியில் இலையின் அடியில் செம்பொடி தூவினாற்போல் துரு நோய் வரும் நிலமாக இருந்தால், துருவையும் பாக்டீரியா இலைக்கருகலையும் தாங்கும் அர்கா அனூப் நல்லது. கோடையை ஒட்டிய விதைப்பில், வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் தேமல் நோய்க்கு அஞ்சுபவர் அர்கா அர்ஜுனைப் பார்க்கலாம்.

எந்த ரகமானாலும், விதையை மட்டும் பார்த்துச் செடியா கொடியா என்று சொல்ல முடியாது. இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். ஒரு முறை, பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், பொட்டலத்தின் மேல் குட்டைச் செடியின் படம் இருப்பதைப் பார்த்து மூன்று கிலோ வாங்கி நெருக்கமாக விதைத்தேன். முளைப்பு அருமையாக இருந்தது. மூன்றாவது வாரத்தில் நுனிகள் நூல்போல் நீண்டு, ஒன்றையொன்று சுற்றி, களைக்கொத்தின் கைப்பிடியைக்கூட விடாமல் பற்றத் தொடங்கின. அவசரமாக யூகலிப்டஸ் கிளைகளை வெட்டிவந்து ஊன்றினோம். 30 சென்டிமீட்டர் வரிசையில் கொடி ஏறினால் உள்ளே நுழைந்து பறிக்க வழி ஏது? பாதிக் காய் முற்றிப்போய் விதையாகத்தான் வீட்டுக்கு வந்தது. புதிய இடத்தில் விதை வாங்கினால், முதலில் இருபது விதையை ஒரு மூலையில் ஊன்றி ஒரு மாதம் பார்த்துவிடுவது இப்போது என் வழக்கம்.

விலைக்கு ஆசைப்பட்டுக் கோடையில் போடலாமா என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பகல் வெப்பம் 32 டிகிரியைத் தாண்டி இரவும் புழுக்கமாக இருந்தால் பூ காயாகாமல் உதிர்ந்துவிடும். மே மாதத்தில் கிலோ விலை மூன்று இலக்கத்தைத் தொடுவது இதனால்தான். விலை ஏறுவதே யாருக்கும் காய்க்காததால். கொடி வகை வெப்பத்தில் பூ உதிர்த்தாலும், ஒரு மழை பெய்து குளிர்ந்ததும் மேல்நுனியில் மறுபடி பூத்துத் தப்பித்துக்கொள்ளும். செடி வகைக்கு இரண்டாவது வாய்ப்பு கிடையாது. பூக்கிற பத்து நாள் வெயிலில் மாட்டினால் பருவமே போயிற்று. கோடையில் சூதாடித்தான் ஆகவேண்டும் என்றால் கொடியை வைத்து ஆடுங்கள். சமவெளியில் இருப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை விதைப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. மற்ற மாதங்களில் அவர்களுக்குக் கொத்தவரையும், அர்கா ஜெய், அர்கா விஜய் போன்ற குத்து அவரையும் பீன்ஸைவிட நாணயமாகக் காய்க்கும்.

உரத்தில் இரு வகைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பயறு இனம்தானே, தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். தட்டைப்பயறு போலப் பீன்ஸ் அந்த வேலையில் கெட்டிக்காரன் இல்லை. சென்ட்டுக்கு நூறு கிலோ தொழுவுரமாவது அடியில் வேண்டும். முளைத்த இரண்டு வாரத்தில் தண்டு ஈ துளைத்துச் செடி மஞ்சளாகிச் சாய்வது இரு வகைக்கும் பொதுவான தொல்லை. இருபதாம் நாள் வாக்கில் மண் அணைத்துவிட்டால் துளைபட்ட இடத்துக்கு மேலே புதுவேர் விட்டுப் பல செடிகள் பிழைத்துக்கொள்ளும். செடி வகையில் இது தவறாமல் செய்யவேண்டிய வேலை, காய்ச் சுமையில் சாயாமலும் நிற்கும்.

இனி அடுப்படி. வீட்டுக்கு வேண்டியது சில்லறை, கொடி தருவதும் சில்லறை, ஆகவே வீட்டுக்குக் கொடிதான் பொருத்தம் என்று தோன்றும். நானும் பல ஆண்டு அப்படித்தான் நினைத்தேன். நான்கு பேர் உள்ள வீட்டில் வாரம் இரண்டு முறை அரை அரைக் கிலோ பீன்ஸ் ஆகும். மூன்று வாரத்துக்கு மூன்று கிலோ. ஐந்து மீட்டர் நீளத்தில் இரண்டு வரிசை செடி பீன்ஸ் போட்டால் 66 செடி நிற்கும். மேலே சொன்ன பாதிக் கணக்கின்படி செடிக்கு 45 கிராம் என்றாலும் மூன்று கிலோ வந்துவிடும், அதுவும் அதே மூன்று வாரத்துக்குள். அந்த இரண்டு வரிசையை இருபது நாளுக்கு ஒருமுறை வேறு வேறு பாத்தியில் விதைத்துக்கொண்டே போனால் வீட்டுக்குப் பீன்ஸ் அறுபடாது. ஒரு விதைப்புக்கு இருபது இருபத்தைந்து கிராம் விதை. நூறு கிராம் பொட்டலம் நான்கு விதைப்புக்குப் போதும். ஒரு பாத்தியில் நோய் வந்தால் அதைப் பிடுங்கி எறிந்துவிடலாம், அடுத்த பாத்தி காத்திருக்கும். வீட்டோரத்தில் ஒரே கொடிப்பந்தலை நம்பியிருந்தபோது துரு வந்தால் பருவம் முழுவதும் கடைக்காய்தான். மாடியில் ஒரு அடி அகலப் பையில் மூன்று செடி வைப்பவர்களுக்கும் செடி வகையே ஏற்றது, ஒரு வேளைப் பொரியலுக்கு நான்கைந்து பையாவது வேண்டும் என்பதை முன்பே தெரிந்துகொண்டு வைத்தால். பறித்ததை ஈரத்துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கவேண்டும். மிகக் குளிர்ந்த மேல்தட்டில் வைத்தால் மூன்றாம் நாளே தோலில் பழுப்புத் தழும்பு விழும்.

ஆக, வந்த நால்வரில் தக்காளிக் கொம்பு நிற்கும் ஒருவரைக் கொடிக்கு அனுப்பினேன். மண்டிக்கு வண்டி அனுப்பும் ஒருவருக்கு அர்கா கோமள், ஒரே விதைப்பில். உழவர் சந்தை அடையாள அட்டை வைத்திருக்கும் அம்மாவுக்கு அர்கா சுவிதா, ஐந்து ஐந்து சென்ட்டாக நான்கு விதைப்பில். நான்காமவர் ஓசூரில் வாடகை வீட்டு மாடியில் இருக்கிறார். அவருக்கு என் விதைச் சாடியிலிருந்து முப்பது விதை எண்ணிக் கொடுத்தேன், இருபதை இப்போதும் பத்தை மூன்று வாரம் கழித்தும் ஊன்றச் சொல்லி. இந்த ஐப்பசியில் என் நிலத்தில் கொம்பு இல்லை, பறிக்க அக்காவும் அவர் தங்கையும்தான் வருவார்கள். ஐந்து சென்ட் செடிக்கு மேல் விதைக்கப்போவதில்லை.